புள்ளி வைத்த இடம்

உயரம் நூற்று இருபத்தெட்டரை மில்லிமீட்டர்.
அதில் பேச்சுக்கே இடமில்லை.
அகலம் மட்டும் என் இஷ்டம்,
அதுவும் ஐந்து மில்லிமீட்டரும் சொச்சமுமாக
படிப்படியாகத்தான் கூடும்.
இந்த முறை எட்டுப் படி,
பக்கத்துப் பலகையோடு உரசாமலிருக்க
ஒரு மயிரிழை கழித்து.

காகிதத்தில் அச்செடுத்து அட்டையில் ஒட்டி
விரல் வைத்துப் பார்ப்பேன்.
இரண்டு குமிழுக்கு நடுவே கட்டைவிரல் நுழைய வேண்டும்,
என்னுடையதல்ல, ரெஹானாவுடையது.
அவள் நகம் வளர்ப்பவள்.
வில்லிவாக்கத்தில் இரவு ரயில் கடக்கும்போது
மேசையில் அட்டைக் குமிழ்கள் நடுங்கும்.
வீட்டில் யாருமில்லையென்றால்
வாயாலேயே ஊஊவென்று ஒலிகொடுத்து
ஒவ்வொன்றாகத் திருகுவேன்.

பெயர்களில்தான் பாடு.
தமிழில்தான் வேண்டும் என்றாள்.
கேட்டுக்கு வாசல். கேட்டதும் வந்து உட்கார்ந்துகொண்டது.
அலை, சரி. உறை, சரி.
அதிர்வெண் இடம் போதாமல் நீண்டு
பக்கத்துத் துளையை முட்டியது.
சுருதி என்று மாற்றினால்
உகரத்தின் வால் திருகாணியில் இடித்தது.
நாய்ஸுக்கு ஓசை என்று போட்டேன்.
சிரித்தாள்.
"சாயங்காலம் ஆறு மணிக்கு
கோயம்பேடு மேம்பாலத்துக்கு அடியில் நின்னுட்டு வா."
இரைச்சல்.

பொடிப் புள்ளி அச்சில் அடைத்துக்கொள்ளும் என்பதால்
எழுத்துருவின் புள்ளிகளை நீக்கிவிட்டு
நானே வரைந்தேன்,
ஒன்றரை மில்லிமீட்டரில் அச்சு அசலான வட்டங்கள்.
வாசலில் ஒன்று. இரைச்சலில் இரண்டு.
மணி இரண்டரை.
எந்த அடுக்கில் வரைகிறேன் என்று பார்க்கவில்லை.

பட்டரவாக்கத்தில் இறங்கி நடந்தால்
எஸ்டேட்டின் மூன்றாவது குறுக்கில் பிச்சாண்டியின் பட்டறை.
இரண்டு மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டின் மேல்
பால்போல் கூலண்ட் வழிந்துகொண்டிருக்கும்.
வரைபடத்தைப் பார்த்துக் கேட்டார்:
"லிஃப்ட் பட்டன் தட்டா மேடம்? எத்தனை மாடி?"
பாட்டு வரும் கருவி என்றேன்.
"ஸ்பீக்கர் எங்க?"
அதற்குப் பதில் சொல்ல
ஒரு டீ நேரம் பிடித்தது. அப்போதும்
அவர் முகத்தில் லிஃப்ட்தான் இருந்தது.

வியாழக்கிழமை
பத்துப் பலகையும் தயார்.
குமிழுக்கு ஏழு, ஜாக்குக்கு ஆறு,
பிசிறில்லை, விளிம்பில் விரல் வழுக்கியது.
பிறகு பார்த்தேன்,
எழுத்தே இன்னும் ஏறாத வெறும் தகட்டில்
யாருக்கும் வேண்டாத மூன்று பொடித் துளைகள்.

"படத்துல வட்டம் இருந்துச்சு. போட்டேன்."
ஆமாம், இருந்தது.
"எம்சீல் வெச்சு அடைச்சிரலாம் மேடம்,
தெரியவே தெரியாது."
பத்துப் பலகை, முப்பது துளை.
கொடுத்த காசை மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன்,
வகுத்தும் பார்த்தேன்.

திரும்பும் ரயிலில் ஜன்னலோரம்.
செய்தித்தாள் பொட்டலத்தைப் பிரித்து
ஒரு பலகையை வெயிலில் பிடித்தேன்.
கொரட்டூர் வரும்வரை
எதிர்சீட்டுக்காரரின் சட்டைப்பையில்
பெரிய வெளிச்சங்களுக்கு நடுவே
வரைந்தபடியே மூன்று புள்ளிகள்.
எழுத்தைத்தான் காணோம்.
அவர் குனிந்து பார்த்து
சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

ரெஹானாவிடம் சொல்லப் பயந்து
மறுநாள் சொன்னேன்.
"பின்னாடி லைட் வை" என்றாள்,
உப்பு கம்மி என்று சொல்வதுபோல்.

கறுப்புச் சாயம் ஏறி
வெள்ளை எழுத்து ஏறி
ரிச்சி தெருவில் பொறுக்கிய குமிழ்கள் ஏறி
மின்சாரம் ஏறிய இரவில்
அறை விளக்கை அணைத்தோம்.

வாசல திறக்கும் கணம்
ல-வின் தலையில் புள்ளி எரிகிறது: வாசல்.
மூடினால் மறுபடி வாசல.
கீழே இரைச்சலின் இரண்டு புள்ளிகளும்
எந்தத் தாளத்துக்கும் சிக்காமல்
மினுக்மினுக் என்று.
அவள் நகத்தால் சுருதியைத் திருகினாள்.
ரயில் வந்தது. ஒலித்தது ரயிலா பலகையா என்று
கொஞ்ச நேரம் தெரியவில்லை.

அடுத்த இருபதுக்குப் போனபோது
பிச்சாண்டி திரையில் விரல் வைத்தார்.
"அந்த வட்டத்தை எடுத்துட்டேன் மேடம்,
போன தடவ மாதிரி ஆயிரக் கூடாதில்ல."
திரும்பப் போடச் சொன்னேன்.
ஒவ்வொன்றாகப் போட்டார். தலையை மட்டும் ஆட்டினார்.
கிளம்பும்போது கேட்டார்:
"லிஃப்ட் ஓடுதா?"
"ஓடுது."